சாவித்திரி (நடிகை)

சாவித்திரி (இறப்பு: டிசம்பர் 26, 1981) தென்னிந்தியத் திரைப்பட நடிகையும் இயக்குநரும் தயாரிப்பாளரும் ஆவார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவர், 1950களிலும் 1960களிலும் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும் முன்னணிக் கதாநாயகியாக விளங்கினார். தமிழில் நடிகையர் திலகம் என்றும் தெலுங்கில் மகாநடி என்றும் அழைக்கப்படுகிறார். மிசியம்மா, மாயா பஜார், களத்தூர் கண்ணம்மா, பாசமலர், கை கொடுத்த தெய்வம், நவராத்திரி ஆகியவை இவரது புகழ்பெற்ற திரைப்படங்களுள் சிலவாகும். 1964-ஆம் ஆண்டு தனுஷ்கோடியை அழித்த புயலின்போது கணவர் ஜெமினி கணேசனுடன் இராமேசுவரத்தில் சிக்கி உயிர் பிழைத்தவர்.

பிறப்பும் இளமையும்

சாவித்திரி 1930களின் நடுவில் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூர் வட்டாரத்தில் உள்ள சிர்ராவூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிசங்கர குரவய்யா, தாய் சுபத்திரம்மா. சாவித்திரி கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். அதன் பின்னர் தாய் தம் பிள்ளைகளுடன் விசயவாடாவில் இருந்த தமக்கை துர்காம்பாவின் வீட்டிற்குச் சென்றார். பெரியம்மாவின் கணவர் வெங்கட்ராமய்யா சௌத்ரி சாவித்திரியை வளர்த்தார். தந்தையின் இடத்தில் இருந்து இவரை நாடகத்திற்கும் பின்னர்த் திரைப்படத்திற்கும் அழைத்துச் சென்றவர் அவரே ஆவார்.

விசயவாடாவில் பள்ளியில் படிக்கும்போதே சாவித்திரி நடனம் பயின்றார். சிறுமியாகவே மேடையேறி நாடகக் குழுக்களில் நடித்தார். அக்காலத்தில் ஆந்திரக் கடற்கரை நகரங்களில் நாடகம் செல்வாக்குடன் விளங்கியது. திரைப்படத் துறைக்கு வந்த தெலுங்கு நடிகர்களுள் பலர் நாடக மேடையிலிருந்தே வந்தனர். சாவித்திரிக்கும் முதல் பயிற்சிக் களமாக அமைந்தது நாடக மேடையே ஆகும். முறையான நடிப்புக் கல்வி எதனையும் இவர் பெற்றதில்லை.

திரையுலக நுழைவு

தெலுங்குப் படங்கள் பெரும்பாலும் சென்னையில் தயாரிக்கப்பட்ட காலம் அது. 1940களின் இறுதியில் பெரியப்பாவுடன் சாவித்திரி சென்னைக்கு வந்து வாய்ப்புத் தேடினார். எல். வி. பிரசாத் இயக்கிய சம்சாரம் (1950) என்னும் தெலுங்குப் படத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. ஆனால் படப்பிடிப்பின்போது ஏற்பட்ட பதற்றத்தால் அவ்வேடம் இவரிடமிருந்து எடுக்கப்பட்டது. படத்தில் சிறு வேடமே எஞ்சியது. விசயா நிறுவனத்தின் பாதாள பைரவி (1951) படத்தில் ஒரு நடனக் காட்சியில் மட்டும் தோன்றினார். தெலுங்கில் பெள்ளி சேசி சூடு என்றும் தமிழில் கல்யாணம் பண்ணிப்பார் என்றும் 1952-இல் வெளியான படத்தில் இரண்டாம் நாயகியாக நடித்துக் கவனம் பெற்றார்.

நாகேசுவர ராவுடன் நடித்த தேவதாஸ் (1953) இவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. வேறொருவருக்கு மனைவியாகிய பின்னரும் தேவதாசை மறக்க முடியாத பார்வதியாக இவர் நடித்தார். தமிழிலும் தெலுங்கிலும் உருவாக்கப்பட்ட அப்படம் இரு மொழி மக்களிடமும் இவரைக் கொண்டு சேர்த்தது. அதே ஆண்டில் வெளிவந்த மனம் போல மாங்கல்யம், ஜெமினி கணேசன் இரட்டை வேடத்தில் நடித்த படமாகும். தமிழ்த் திரையில் ஜெமினி கணேசன்-சாவித்திரி இணையின் வெற்றி இப்படத்திலிருந்து தொடங்குகிறது.

மிசியம்மாவும் மாயா பஜாரும்

விசயா நிறுவனம் 1955-இல் தமிழில் மிசியம்மா என்றும் தெலுங்கில் மிஸ்ஸம்மா என்றும் ஒரு நகைச்சுவைப் படத்தை வெளியிட்டது. முதலில் பி. பானுமதிக்கு என ஒதுக்கப்பட்டிருந்த நாயகி வேடம், தயாரிப்பாளருடன் அவருக்கு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் சாவித்திரிக்குக் கிடைத்தது. ஆசிரியர் வேலைக்காக ஓர் இந்து இளைஞனின் மனைவிபோல நடிக்க நேரும் கிறித்தவப் பெண் மேரியின் வேடம் அது. முன்கோபமும் உள்ளூர இரக்கமும் கொண்ட அப்பாத்திரத்தை இவர் ஏற்று நடித்த விதம், சோக வேடங்களில் மட்டுமன்றி நகைச்சுவையிலும் இவருக்கு இருந்த திறனைக் காட்டியது.

கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1957-இல் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும் வெளிவந்த மாயா பஜாரில் பலராமனின் மகளாக நடித்தார். இப்பாத்திரம் தமிழில் வத்சலா என்றும் தெலுங்கில் சசிரேகா என்றும் அழைக்கப்பட்டது. கதையில் கடோத்கசன் மாயத்தால் வத்சலாவின் உருவை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். ஆகவே பெண் உருவில் இருக்கும் ஓர் அரக்கனாகவும் சாவித்திரி நடிக்க வேண்டியிருந்தது. கடோத்கசனாக நடித்த எஸ். வி. ரங்காராவின் நடையையும் மிடுக்கையும் இவர் தம் உடல் அசைவுகளில் கொண்டு வந்தார். யாரும் காணாதபோது அரக்கனாகவும் பிறர் வந்தவுடன் நாணும் பெண்ணாகவும் மாறும் அக்காட்சிகள், இவரது நடிப்புக்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திருமணம்

சாவித்திரி 1952-இல் ஜெமினி கணேசனை மணந்தார். புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசனுக்கு ஏற்கெனவே திருமணமாகிக் குழந்தைகளும் இருந்தனர். இதனால் இத்திருமணம் சில ஆண்டுகள் வெளியுலகிற்கு அறிவிக்கப்படவில்லை. சவர்க்கார விளம்பரம் ஒன்றில் சாவித்திரி கணேஷ் என இவர் கையொப்பமிட்டதன் மூலமே திருமணச் செய்தி பரவலாகத் தெரியவந்தது. பெரியப்பா இத்திருமணத்தை ஏற்கவில்லை. இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர்.

இராமநாதபுரம் மாவட்டத்தாரும் சாவித்திரியும்

சாவித்திரியின் தமிழ்ப் படங்களின் உருவாக்கத்தில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தோரின் பங்கு பெரிது. அக்காலத்தில் காரைக்குடி, சிவகங்கை ஆகிய பகுதிகளும் இம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. காரைக்குடியைச் சேர்ந்த ஏ. வி. மெய்யப்பன் தொடங்கிய ஏவிஎம் நிறுவனமே களத்தூர் கண்ணம்மாவைத் தயாரித்தது. பாவ மன்னிப்பு, பாசமலர் ஆகிய படங்களின் பாடல்களை எழுதிய கண்ணதாசன், காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியைச் சேர்ந்தவர்.

அ. பீம்சிங் இயக்கிய களத்தூர் கண்ணம்மா ஆகஸ்டு 12, 1960 அன்று வெளியானது. காதலனைப் பிரிந்து, பெற்ற குழந்தை இறந்துவிட்டதாக நம்பி வாழும் கண்ணம்மாவாகச் சாவித்திரி நடித்தார். தன் மகன் என்று அறியாமலே ஓர் அநாதைச் சிறுவனிடம் அவள் அன்பு கொள்கிறாள். அச்சிறுவனாக அறிமுகமானவர் பரமக்குடியில் 1954-இல் பிறந்த கமல்ஹாசன் ஆவார். முதல் படத்திலேயே அவர் குடியரசுத் தலைவரின் பதக்கத்தைப் பெற்றார். ஆக, கமல்ஹாசனின் முதல் திரைத் தாய் சாவித்திரி என்பது குறிப்பிடத்தக்கது.

புகழின் உச்சம்

1960 முதல் 1965 வரையிலான ஆண்டுகள் சாவித்திரியின் பொற்காலம் எனலாம். பீம்சிங்கின் இயக்கத்தில் 1961-ஆம் ஆண்டு வெளியான பாசமலரில் சிவாஜி கணேசனுக்குத் தங்கை ராதாவாக நடித்தார். அண்ணன் தங்கைப் பாசத்திற்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் படமாக அது நிலைத்துவிட்டது. அப்படம் ரக்த சம்பந்தம் (1962) என்னும் பெயரில் தெலுங்கில் எடுக்கப்பட்டபோதும் தங்கை வேடத்தைச் சாவித்திரியே ஏற்றார். மிஸ்ஸம்மா முதலிய படங்களில் இவருக்கு இணையாக நடித்திருந்த என். டி. ராமராவ் அதில் அண்ணனாக நடித்தார். காதல் இணையாகப் புகழ்பெற்ற இருவரை அண்ணன் தங்கையாக மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு இருவரது நடிப்பாற்றலே காரணமாகும்.

தெலுங்கில் சிவரகு மிகிலேதி (1960) படத்தில் மனநோயாளிகளைப் பேணும் செவிலியாகவும், நர்த்தனசாலா (1963) படத்தில் திரௌபதியாகவும் நடித்தார். தமிழில் எம். ஜி. ஆருடன் மகாதேவி, பரிசு, வேட்டைக்காரன் ஆகிய படங்களில் நடித்துள்ளார். கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் கற்பகம் (1963), கை கொடுத்த தெய்வம் (1964) ஆகியவையும் இக்காலத்தவை. கை கொடுத்த தெய்வத்தில் உலகம் அறியாத, மனத்தில் பட்டதைப் பேசிவிடும் வெகுளிப் பெண் கோகிலாவாக நடித்தார்.

ஏ. பி. நாகராசனின் நவராத்திரி 1964 நவம்பரில் வெளியானது. சிவாஜி கணேசனின் நூறாவது படமான இதில் அவர் ஒன்பது வேடங்களில் தோன்றினார். வீட்டை விட்டு வெளியேறி ஒன்பது இரவுகளில் அந்த ஒன்பது மனிதர்களையும் சந்திக்கும் நளினாவாகச் சாவித்திரி நடித்தார். ஒன்பது வேடங்கள் சிவாஜியுடையவை ஆயினும், அவற்றை ஒரே கதையாகக் கோத்து நிற்பது சாவித்திரியின் பாத்திரமே. தெருக்கூத்துக் காட்சியும், மனநல மருத்துவமனையில் பைத்தியம்போல நடிக்கும் காட்சியும் இவரது பன்முகத் திறனுக்குச் சான்றுகளாகும். 1965-இல் வெளிவந்த திருவிளையாடலில் பார்வதியாக நடித்தார்.

இராமேசுவரமும் 1964 புயலும்

நவராத்திரி வெளியாகி ஏழு வாரங்கள் கடந்த நிலையில், 1964 டிசம்பரில் சாவித்திரியும் ஜெமினி கணேசனும் இராமேசுவரத்திற்குச் சென்றிருந்தனர். தீவின் கிழக்கு முனையில் இருந்த தனுஷ்கோடி அக்காலத்தில் தொடர்வண்டி நிலையமும் துறைமுகமும் சுங்க அலுவலகமும் கொண்ட சுறுசுறுப்பான ஊராக இருந்தது. இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்லும் கப்பல்கள் அங்கிருந்தே புறப்பட்டன. சேதுக்கரையில் நீராட வரும் யாத்திரிகர்கள் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று திரும்புவது வழக்கம். சாவித்திரியும் கணவரும் புயல் தாக்குவதற்கு முன்னர்த் தனுஷ்கோடிக்குச் சென்றுவிட்டு இராமேசுவரத்திற்குத் திரும்பியிருந்தனர்.

டிசம்பர் 17 அளவில் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, கடும் புயலாக வலுப்பெற்று இலங்கையின் வட பகுதியைக் கடந்தது. டிசம்பர் 22 இரவு அது தனுஷ்கோடியைத் தாக்கியது. பனை உயரத்திற்கு எழுந்த கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுத் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் தொடர்வண்டி, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. அப்புயலில் 1,800 பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தின் 145 இரும்புத் தூலங்களுள் 126 அடித்துச் செல்லப்பட்டன.

1914-இல் திறக்கப்பட்ட அப்பாலமே தீவை நிலப்பகுதியுடன் இணைத்த ஒரே வழியாக இருந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டது. எனவே பாலம் சிதைந்த பின்னர் இராமேசுவரத்தில் இருந்தோர் அனைவரும் தனித்து விடப்பட்டனர். சாவித்திரியும் ஜெமினி கணேசனும் அவர்களுள் இருந்தனர். சிறிது நேரம் தனுஷ்கோடியிலேயே தங்கியிருந்தால் அவர்கள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. உயிர் தப்பிய இருவரும் பின்னர்ச் சென்னை திரும்பினர்.

தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசால் அறிவிக்கப்பட்டது. பாம்பன் பாலம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இடிந்த தேவாலயமும் தொடர்வண்டி நிலையத்தின் சுவர்களும் அங்கு எஞ்சியுள்ளன. அப்புயலின் நினைவு பேசப்படும்போதெல்லாம் சாவித்திரி, ஜெமினி கணேசன் ஆகியோரின் பெயர்களும் சேர்த்தே பேசப்படுகின்றன.

கொடைக்குணம்

சாவித்திரி கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதவர் எனத் திரையுலகில் அறியப்பட்டார். 1965-ஆம் ஆண்டு பாக்கித்தானுடன் போர் நடந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் நாட்டுப் பாதுகாப்பு நிதிக்காகத் தாம் அணிந்திருந்த நகைகளை வழங்கினார். சென்னை தியாகராய நகரில் அபிபுல்லா சாலையில் பெரிய வீடு கட்டி வாழ்ந்தார். விரைவாகக் கார் ஓட்டுவதிலும் துடுப்பாட்டத்திலும் விருப்பம் கொண்டிருந்தார். ஈட்டியதைக் கணக்குப் பார்த்துச் சேமிக்கும் பழக்கம் இவரிடம் இல்லை.

இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும்

தென்னிந்தியத் திரையுலகில் பெண் இயக்குநர்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் சாவித்திரி இயக்குநரானார். 1968-இல் வெளிவந்த சின்னாரி பாபலு என்னும் தெலுங்குப் படம் இவர் இயக்கிய முதல் படமாகும். இதில் தொழில்நுட்பப் பொறுப்புகள் பலவும் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. படம் ஆந்திர அரசின் நந்தி விருதைப் பெற்றது. எனினும் வணிக அளவில் வெற்றி பெறவில்லை. அதனைக் குழந்தை உள்ளம் (1969) என்னும் பெயரில் தமிழிலும் இயக்கினார். தெலுங்கில் சிரஞ்சீவி, மாத்ரு தேவதா ஆகிய படங்களையும் 1969-இல் இயக்கினார்.

1964-இல் நாகேசுவர ராவுடன் தாம் நடித்துப் பெருவெற்றி பெற்ற மூக மனசுலு என்னும் தெலுங்குப் படத்தைத் தமிழில் எடுக்க விரும்பினார். மறுபிறவிக் காதலைச் சொல்லும் அக்கதையை, சிவாஜி கணேசனை நாயகனாகக் கொண்டு பிராப்தம் என்னும் பெயரில் தயாரித்து இயக்கினார். படம் முடிவதற்கு நீண்ட காலமானது. செலவு பெருகியது. 1971-இல் வெளியான பிராப்தம் தோல்வியடைந்தது. இதனால் இவர் பெரும் கடனுக்கு ஆளானார்.

வீழ்ச்சி

ஏறத்தாழ இதே காலத்தில் ஜெமினி கணேசனுடனான மண வாழ்விலும் பிரிவு ஏற்பட்டது. வருமான வரி நிலுவைக்காக இவரது சொத்துகள் முடக்கப்பட்டன. தியாகராய நகர் வீட்டை இழந்து, அண்ணா நகரில் ஒரு வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். குடிப்பழக்கமும் நீரிழிவு நோயும் உடல்நலத்தைக் கெடுத்தன. ஒரு காலத்தில் நாயகர்களுக்கு இணையாகப் பெயர் பெற்றிருந்தவர், 1970களில் தாய், அண்ணி முதலிய துணை வேடங்களை ஏற்றார். மலையாளத்திலும் சில படங்களில் நடித்தார். தெலுங்கில் கோரிண்டாகு (1979) இவரது இறுதிக்காலப் படங்களுள் குறிப்பிடத்தக்கது.

சாவித்திரியின் வீழ்ச்சிக்குக் குடிப்பழக்கம் ஒன்றையே காரணமாகக் கூறும் வழக்கம் உண்டு. ஆனால் நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் நோக்கினால், சொந்தப் படங்களால் ஏற்பட்ட இழப்பும், மண முறிவும், வரி நிலுவையும் சில ஆண்டுகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததைக் காணலாம். நாயகியருக்கான வாய்ப்புகள் குறையும் வயதில்தான் இவை அனைத்தும் நேர்ந்தன. இவரது வரவு செலவைப் பொறுப்புடன் கவனித்துக்கொள்ளும் நெருங்கிய துணையும் அப்போது இல்லை. இந்த நிலையிலும் கிடைத்த வேடங்களில் நடிப்பதை இவர் நிறுத்தவில்லை.

இறப்பு

1980 மே மாதத்தில் படப்பிடிப்புக்காகப் பெங்களூர் சென்றிருந்தபோது சாவித்திரி நினைவிழந்தார். அதன் பின்னர் அவருக்கு நினைவு திரும்பவில்லை. சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழ 19 மாதங்கள் அதே நிலையில் இருந்தார். டிசம்பர் 26, 1981 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவர் ஐம்பது வயதைக்கூட எட்டியிருக்கவில்லை. ஜெமினி கணேசன் 2005 மார்ச் 22 அன்று காலமானார்.

நடிப்பு முறை

சாவித்திரியின் நடிப்பில் கண்களுக்கும் முகத்தின் நுண்ணிய அசைவுகளுக்கும் முதலிடம் உண்டு. நீண்ட வசனங்களே நடிப்பின் அளவுகோலாக இருந்த காலத்தில், எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தாலேயே காட்சியைத் தம் பக்கம் ஈர்த்தார். சிவாஜி கணேசன், ரங்காராவ் போன்ற பெரும் நடிகர்களுடன் தோன்றும் காட்சிகளில் அவர்களுடைய வேகத்தோடு போட்டியிடாமல் அமைதியால் ஈடுகொடுத்தார். தமிழ் இவருக்குத் தாய்மொழி அன்று. எனினும் தமிழில் தெளிவாகப் பேசி நடித்தார். தமிழ் மக்கள் இவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே கருதினர். பின்னர் வந்த நடிகையர் பலர் இவரைத் தம் முன்னோடியாகக் குறிப்பிட்டுள்ளனர்.

நினைவுகள்

இந்திய அஞ்சல் துறை 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியத் திரைப்படத்தின் புகழ்பெற்ற கதாநாயகியருக்காக ஆறு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. தேவிகா ராணி, கானன் தேவி, மீனா குமாரி, நூதன், லீலா நாயுடு ஆகியோருடன் சாவித்திரியும் அதில் இடம்பெற்றார்.

சாவித்திரியின் வாழ்க்கையைக் கருவாகக் கொண்டு நாக் அஸ்வின் இயக்கிய மகாநடி என்னும் தெலுங்குப் படம் 2018 மே மாதத்தில் வெளியானது. தமிழில் இது நடிகையர் திலகம் என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். சாவித்திரி இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த இப்படம், அவரைத் திரையில் கண்டிராத தலைமுறையினரையும் அவருடைய பழைய படங்களின்பால் ஈர்த்தது.

நடித்த தமிழ்த் திரைப்படங்களுள் சில

கல்யாணம் பண்ணிப்பார் (1952)
மனம் போல மாங்கல்யம் (1953)
தேவதாஸ் (1953)
மிசியம்மா (1955)
மாயா பஜார் (1957)
மகாதேவி (1957)
களத்தூர் கண்ணம்மா (1960)
பாவ மன்னிப்பு (1961)
பாசமலர் (1961)
கப்பலோட்டிய தமிழன் (1961)
பார்த்தால் பசி தீரும் (1962)
கொஞ்சும் சலங்கை (1962)
படித்தால் மட்டும் போதுமா (1962)
பரிசு (1963)
கற்பகம் (1963)
வேட்டைக்காரன் (1964)
கை கொடுத்த தெய்வம் (1964)
நவராத்திரி (1964)
திருவிளையாடல் (1965)
பிராப்தம் (1971)